போலீஸ் அடித்ததா, அடி விழுந்ததா?

பிப்ரவரி 3 – வாசகர் ஒருவரின் கேள்வி

"போராட்டங்களில் போலீஸ் நடந்துகொள்வது பற்றி வரும் பதிவுகளை எடுத்து வைத்துக்கொண்டு ஹால், அல்தூஸர், ஃபூக்கோ என்று கோட்பாட்டாளர்களைக் கொண்டு அலசுகிறீர்களே, அதில் புதிதாக என்ன தெரியவருகிறது? போலீஸ் பக்கம் நிற்பவர் அப்படியே நிற்கிறார், எதிர்ப்பவர் அப்படியே எதிர்க்கிறார். ஏற்கெனவே எடுத்த முடிவுக்குப் பெரிய பெயர் வைப்பதைத் தவிரக் கோட்பாடு வேறு என்ன செய்கிறது?"

பிப்ரவரி 3, இரவு

பாதிக்கு மேல் ஒத்துக்கொள்கிறேன். 'அதிகாரம்', 'சொல்லாடல்', 'கட்டமைப்பு' மூன்றையும் ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்கினால் ஒரு கட்டுரை விழும். நானே இரண்டு எழுதியிருக்கிறேன். இரண்டிலும் முதல் பத்தியிலேயே தீர்ப்பு வந்துவிட்டது. மீதிப் பக்கங்கள் அந்தத் தீர்ப்புக்கு மேற்கோள் தேடியவை. இப்போது எடுத்துப் படித்தால் கூச்சமாக இருக்கிறது.

மீதிப் பாதிக்கு ஒரு வீடியோ. 14 விநாடி. இரும்புத் தடுப்பை ஒரு பையன் தாண்டினான். காவலர் ஒருவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். பையன் குப்புற விழுந்தான். இன்னொரு காவலர் தடியை ஓங்கினார். அத்தோடு வீடியோ நின்றுவிடுகிறது. தடி இறங்கியதா என்பது படத்தில் இல்லை. இதே 14 விநாடி நான்கு தலைப்புகளோடு என் கண்ணில் பட்டது:

'தடியடியில் மாணவர் காயம்.'
'போலீஸ் அராஜகம். வெட்கக்கேடு.'
'அத்துமீறிய கும்பலைக் கட்டுப்படுத்திய காவல்துறைக்கு ஒரு சல்யூட்.'
'முழு வீடியோவைப் போடுங்கள். அதற்கு முன்னால் என்ன நடந்தது?'

இரண்டாவதையும் மூன்றாவதையும் அலசக் கோட்பாடு வேண்டாம், கண் இருந்தால் போதும். எனக்கு வேலை கொடுத்தவை முதலாவதும் நான்காவதும். தூக்கம் வருகிறது, நாளை.

பிப்ரவரி 4

'தடியடியில் மாணவர் காயம்.' யார் அடித்தது? வாக்கியத்தில் ஆளே இல்லை. வினைச்சொல்லும் இல்லை. 'வெள்ளத்தில் பயிர் சேதம்' என்பதுபோல இருக்கிறது.

இதை முறையாகப் பார்த்தவர்களில் டோனி ட்ரூ ஒருவர். 1975 ஜூனில், அன்றைய ரொடீசியாவின் சாலிஸ்பரியில் (இன்று ஹராரே) போலீஸ் கூட்டத்தின்மீது சுட்டுப் பலர் இறந்தார்கள். பிரிட்டனின் இரண்டு நாளிதழ்கள் வைத்த தலைப்புகளை ட்ரூ பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கார்டியன் தலைப்பின் சாரம்: சாலிஸ்பரி கலவரத்தில் 11 பேரை போலீஸ் சுட்டுக்கொன்றது. டைம்ஸ் தலைப்பின் சாரம்: ஏ.என்.சி. (ஆப்பிரிக்கத் தேசிய கவுன்சில் என்ற கறுப்பர் அமைப்பு) தலைவர்கள் கூடியிருக்கும் நேரத்தில், கலவரம் செய்த கறுப்பர்கள் போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். முதல் தலைப்பில் போலீஸ் முன்னால் நிற்கிறது. இரண்டாவதில் முன்னால் நிற்பது 'கலவரம் செய்த கறுப்பர்கள்'. சுட்ட கை கடைசிக்கு நகர்ந்துவிட்டது. 1979இல் வந்த அலசல் இது.

கவனியுங்கள், இரண்டு தலைப்பிலும் 'கலவரம்' இருக்கிறது. நல்ல பத்திரிகை, கெட்ட பத்திரிகை என்று பிரித்துவிட்டுப் போக முடியாது.

பிப்ரவரி 4, சற்று நேரம் கழித்து

மேலே எழுதிவிட்டுத் தமிழில் யோசித்தால், நமக்கு செயப்பாட்டு வினைகூடத் தேவையில்லை. ஒரே ஒரு எழுத்து போதும். 'கூட்டத்தினர் கலைந்தனர்', 'கூட்டத்தினரைக் கலைத்தனர்'. ந் போய் த் வந்தால் போலீஸ் உள்ளே வருகிறது. ந் இருக்கும்வரை எல்லோரும் படம் முடிந்து வீட்டுக்குப் போனதுபோல் இருக்கிறது. தன்வினை, பிறவினை என்று பள்ளியில் மனப்பாடம் செய்தபோது இது இத்தனை பெரிய அரசியல் என்று யாரும் சொல்லவில்லை.

இன்னொன்று 'வன்முறை வெடித்தது'. பருத்திக்காய் வெடிப்பதுபோலத் தானாக. வெடிக்க வைத்தவர் யார், முதல் கல்லா முதல் தடியா, எதுவும் வேண்டாம்.

பிப்ரவரி 5

'அல்தூஸரைப் பேர் சொல்லிவிட்டு விட்டுவிட்டீர்களே' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பிரெஞ்சுத் தத்துவவாதி அல்தூஸர் 1970இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் வரும் உதாரணமே ஒரு போலீஸ்காரர்தான். தெருவில் போகும் ஒருவரை 'ஏய், உன்னைத்தான்!' என்று போலீஸ் கூப்பிடுகிறது. அவர் திரும்பிப் பார்க்கிறார். திரும்பிய அந்தக் கணத்திலேயே, அழைக்கப்பட்டவர் தான்தான் என்று அவர் ஏற்றுக்கொண்டுவிடுகிறார். சித்தாந்தம் மனிதரைத் தன் ஆளாக ஆக்கிக்கொள்வது இப்படித்தான் என்கிறார் அல்தூஸர்.

இணையத்தில் அந்த வேலைக்கு போலீஸ் வேண்டியதில்லை. 'நடுநிலைவாதிகளே, இப்போது எங்கே போனீர்கள்?' என்று ஒருவர் எழுதினால் போதும், நான் திரும்பிவிடுகிறேன். என்னை அவருக்குத் தெரியாது, எனக்கும் அவரைத் தெரியாது. ஆனாலும் திரும்பி, மூன்று பத்தி பதிலும் எழுதி, பாதி ராத்திரியில் அழித்திருக்கிறேன்.

பிப்ரவரி 7

4ஆம் தேதி எழுதியதில் ஒரு பிழை. பிழை என்பதைவிட அவசரம்.

செய்தவரைக் காட்டாத வாக்கியம் என்றால் போலீசைக் காப்பாற்றும் வாக்கியம் என்பதுபோல எழுதிவிட்டேன். நான் சேர்த்து வைத்திருந்த பதிவுகளை மறுபடி பார்த்தேன். போராட்டத்தில் இருந்தவர்களே எழுதிய பதிவுகளில் 'தாக்கப்பட்டோம்', 'இழுத்துச் செல்லப்பட்டோம்', 'அடைத்து வைக்கப்பட்டோம்' என்று செயப்பாட்டு வினை கொட்டிக் கிடக்கிறது. இவர்கள் யாரையும் மறைக்கவில்லை. தங்களுக்கு நேர்ந்ததைச் சொல்ல வருகிறார்கள், அதனால் 'நாம்' முன்னால் வருகிறது. அடித்தது யார் என்று சொல்லத் தேவையில்லாத அளவுக்கு அவர்களுக்குத் தெரியும்.

ஆகவே வாக்கிய அமைப்பை மட்டும் எண்ணிப் பட்டியல் போட்டால் பாதிக்கப்பட்டவரும் செய்தி வெளியிட்ட அதிகாரியும் ஒரே பெட்டியில் விழுவார்கள். எழுதியவர் எங்கே நின்று எழுதினார் என்பதைச் சேர்க்காமல் இந்த எண்ணிக்கைக்கு அர்த்தம் இல்லை. மொழிக்குள் அதிகாரம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கும் விமர்சனச் சொல்லாடல் ஆய்வில் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். நான் படித்துவிட்டு மறந்தவன்.

இன்னொன்று, 'அடி வாங்கினான்', 'உதை வாங்கினான்'. இது செய்வினை. எழுவாய் அடிபட்டவன். காசு கொடுத்து வாங்கியதுபோல. 'நல்லா வாங்கினானுங்க' என்று சிரிப்புப் பொம்மை போட்டு வரும் பின்னூட்டங்களின் குரூரம் முழுக்க இந்த வினையில் இருக்கிறது. அடித்தவரைக் காணோம், வாங்கியவனுக்குத்தான் பொறுப்பு. ட்ரூவுக்குத் தமிழ் தெரிந்திருந்தால் இதற்கே ஒரு அத்தியாயம் ஒதுக்கியிருப்பார்.

பிப்ரவரி 9

இனி நான்காவது தலைப்பு. 'முழு வீடியோவைப் போடுங்கள்.'

கேட்க மிக நியாயமான கோரிக்கை. ஆனால் வீடியோ நீண்டால் சண்டை தீரும் என்பது மெய்யா? 1991 மார்ச் 3 அன்று லாஸ் ஏஞ்சலஸில் ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரைப் போலீசார் அடித்ததை ஒருவர் தன் பால்கனியிலிருந்து படம் பிடித்தார். உலகமே பார்த்தது. 1992 ஏப்ரல் 29 அன்று வழக்கின் தீர்ப்பு: குற்றம்சாட்டப்பட்ட போலீசார் நால்வரில் மூவர் முழுதாக விடுதலை, நான்காமவர்மீது ஒரே ஒரு குற்றச்சாட்டில் மட்டும் ஜூரி முடிவுக்கு வரவில்லை. நகரம் எரிந்தது.

நீதிமன்றத்தில் நடந்ததை மானுடவியலாளர் சார்ல்ஸ் குட்வின் 1994இல் அலசியிருக்கிறார். போலீசாருக்காக வாதாடிய வக்கீல்கள் வீடியோவை மறைக்கவில்லை. அவர்கள்தான் அதை ஃபிரேம் ஃபிரேமாக நிறுத்தி நிறுத்திக் காட்டினார்கள். நிபுணர் ஒருவர் பக்கத்தில் நின்று ஒவ்வொரு அசைவுக்கும் பெயர் சொன்னார்: இது பலத்தைக் கூட்டுவது, இது குறைப்பது, இதோ அவர் கால் அசைகிறது, ஆகவே எழ முயல்கிறார். தரையில் கிடந்து துடித்த உடம்பு 'இன்னும் அடங்காத உடம்பு' ஆகிவிட்டது. தத்துவவாதி ஜூடித் பட்லர் 1993இல் எழுதிய கட்டுரை இதற்கு அடுத்த படி. அந்த ஜூரி வீடியோவைப் பார்க்காமல் விடவில்லை. கறுப்பு உடம்பை ஆபத்தின் ஊற்றாகவே பார்க்கப் பழகிய கண்களோடு பார்த்தார்கள் என்பது அவர் வாதம்.

போராட்ட வீடியோக்களின் கீழே இன்று சிவப்பு வட்டம் போட்டு, மெதுவாக ஓடவிட்டு, 'கையில் என்ன இருக்கிறது பாருங்கள்' என்று வருபவை எல்லாம் அந்த நிபுணரின் பேரப்பிள்ளைகள். இரண்டு பக்கத்திலும் உண்டு.

பிப்ரவரி 10

'அப்படியானால் முழு வீடியோ கேட்பதே தப்பா?' தப்பில்லை. அந்தக் கேள்வியைக் கேட்காமல் போனதால் நான் பட்டதைச் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு வீடியோவைப் பகிர்ந்தேன். கேடயம் ஏந்திய போலீஸ் வரிசை, கீழே விழுந்தவரைச் சுற்றி நின்று தடியால் அடிக்கிறது. அன்று நடந்துகொண்டிருந்த போராட்டம் என்று எழுதியிருந்ததை நம்பி, மேலே கோபமாக நான்கு வரியும் சேர்த்தேன். ஒரு மணி நேரத்துக்குள் ஒருவர் வந்து ஒரே வரி எழுதினார்: 'கேடயத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்தீர்களா?' வேறு நாட்டின் எழுத்து. பழைய வீடியோ. கேடயம் படத்தின் நட்டநடுவில் இருக்கிறது, நான் அதைப் பார்க்கவே இல்லை. தடியை மட்டும் பார்த்திருக்கிறேன்.

பகிர்வை எடுத்துவிட்டேன். அதற்குள் என்னிடமிருந்து எடுத்தவர்களிடம் போய்ச் சொல்ல முடியவில்லை. ஆனால் என்னை உறுத்தியது அது இல்லை. கேடயத்தை அவர் சுட்டிக்காட்டியதும் எனக்குள் முதலில் தோன்றிய நினைப்பு: 'சரி, இங்கேயும் அப்படித்தானே அடிக்கிறார்கள்.' பட்லர் அந்த ஜூரியைப் பற்றிச் சொன்னதை எதிர்ப்பக்கம் திருப்பி எனக்கே போட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. இரண்டும் ஒரே எடை இல்லை என்பது தெரியும். என் தப்பான பார்வையால் யாரும் விடுதலை ஆகவும் இல்லை, உள்ளே போகவும் இல்லை. ஆனாலும் பார்க்கும் பழக்கம் ஒன்றுதான்.

பிப்ரவரி 13

ஹால் பற்றிக் கேட்டவருக்கு. பிரிட்டனின் பண்பாட்டு ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஹால் 1973இல் சொன்ன மூன்று வாசிப்புகள், அதாவது அனுப்பியவர் நினைத்தபடியே எடுத்துக்கொள்வது, பாதி ஏற்றுப் பாதி பேரம் பேசுவது, எதிர்த்து வாசிப்பது, இதை வைத்துப் பின்னூட்டங்களைப் பெட்டி பெட்டியாகப் பிரிப்பது சுலபம். 'போராடலாம், ஆனால் ஆம்புலன்ஸை மறிக்கக் கூடாது' என்பது பேரத்துக்குச் சுத்தமான உதாரணம். ஆனால் ஹாலின் வாசகர் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தவர். இப்போது எதிர்த்து வாசிப்பவர் அடுத்த நிமிடம் தலைப்பை மாற்றி அதே வீடியோவை அனுப்புகிறார். வாசிப்பும் அனுப்புவதும் ஒரே விரலில் நடக்கிறது. அதனால் அந்தப் பெட்டிகள் எனக்கு இப்போது பெரிதாக உதவுவதில்லை.

உதவுவது 1978இல் ஹாலும் இன்னும் நான்கு பேரும் சேர்ந்து செய்த ஆய்வு. பிரிட்டனில் தெரு வழிப்பறி பற்றிய பீதி எப்படி உருவானது என்று பார்த்தவர்கள், 'முதல் வரையறையாளர்' என்ற கருத்தைச் சொன்னார்கள். என்ன நடந்தது என்று முதலில் சொல்லும் உரிமை போலீஸ், நீதிமன்றம் போன்றவற்றிடம் இருக்கிறது. அதற்குப்பின் பேச வரும் எல்லோரும், மறுப்பவர் உட்பட, அந்த வரையறைக்குள் நின்றுதான் பேச வேண்டியிருக்கிறது. 'அது கலவரம் இல்லை' என்று சொல்பவரும் கலவரம் என்ற சொல்லைச் சொல்லித்தானே ஆகவேண்டும்!

2020 மே மாதம் அமெரிக்காவில், போலீஸ் அதிகாரி ஒருவர் கழுத்தில் முழங்காலை அழுத்தியதில் ஜார்ஜ் ஃபிளாய்ட் இறந்ததும் மினியாபொலிஸ் போலீஸ் வெளியிட்ட முதல் அறிக்கையின் தலைப்பைத் தமிழில் சொன்னால்: போலீசாருடனான தொடர்பின்போது, மருத்துவச் சம்பவத்துக்குப் பின் ஆண் ஒருவர் மரணம். கழுத்து இல்லை, முழங்கால் இல்லை. அவர் உடலளவில் எதிர்த்தார் என்றும், உடல்நலக் கோளாறில் இருப்பதாகத் தெரிந்தது என்றும், யாரும் எந்த ஆயுதமும் பயன்படுத்தவில்லை என்றும் இருந்தது. 'மருத்துவச் சம்பவம்'! தடியடியில் காயம் என்று எழுதுகிற கை இதைப் பார்த்தால் கும்பிடும்.

அதே இரவு, பக்கத்தில் நின்று படம் எடுத்த 17 வயதுப் பெண் வீடியோவை ஃபேஸ்புக்கில் போட்டார். முதல் வரையறை விடியும்முன் உடைந்தது. அவருக்கு 2021இல் புலிட்சர் சிறப்புப் பாராட்டு கிடைத்தது. அந்த அதிகாரி குற்றவாளி என்று தீர்ப்பு வந்ததும் அதே வருடம்தான். இது போராட்டத்தில் நடந்தது இல்லை, போராட்டத்தைக் கிளப்பியது என்பது தெரிந்தேதான் சொல்கிறேன்.

பிப்ரவரி 14

நேற்று எழுதியதை அப்படியே வெற்றிக் கதையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கூட்டத்தைக் காட்டும் படங்கள் போலீசுக்கும் கிடைக்கின்றன. ஆதரவாக நாம் போடும் படத்தில் தெரியும் டி-ஷர்ட், கையில் குத்திய பச்சை, இவற்றைக் கொண்டே ஆளைத் தேடிப் பிடித்த வழக்கு 2020இல் ஃபிலடெல்ஃபியாவில் உண்டு. அதிகாரத்தைக் கீழிருந்து மேலே பார்க்கும் கண் என்று பூரித்துப் போகிறோம். கண்ணாடி இரண்டு பக்கமும் காட்டும்.

பிப்ரவரி 16

இதெல்லாம் சமூக ஊடகம் வந்தபின் கெட்டுப்போனதா என்று கேட்கிறார்கள். இல்லை. 1968 அக்டோபர் 27, லண்டன், வியட்நாம் போருக்கு எதிரான ஊர்வலம். நடக்கும் முன்பே பல வாரங்களாகப் பத்திரிகைகள் 'வன்முறை வரப்போகிறது' என்று எழுதிக்கொண்டிருந்தன. ஊர்வலத்தின் பெரும்பகுதி அமைதியாக நடந்து முடிந்தது. பிரிந்துபோன ஒரு சிறு பகுதி குரோவ்னர் சதுக்கத்தில் போலீசோடு மோதியது. மறுநாள் பல முதல் பக்கங்களில், காவலர் ஒருவரை ஒரு போராட்டக்காரர் பிடித்துக்கொள்ள, இன்னொரு போராட்டக்காரர் அவர் முகத்தில் உதைக்கும் படம். ஊடக ஆய்வாளர்கள் ஹாலோரன், எலியட், மர்டாக் மூவரும் 1970இல் காட்டியது இதுதான்: எதிர்பார்ப்புதான் செய்தியைத் தேர்ந்தெடுத்தது, நடந்தது அந்த அச்சில் ஊற்றப்பட்டது.

அன்று ஆசிரியர் அறையில் பத்துப் பேர் செய்ததை இன்று நாம் எல்லோரும் சேர்ந்து செய்கிறோம், அல்காரிதம் கூட உட்கார்ந்திருக்கிறது. நாலு மணி நேரம் தரையில் உட்கார்ந்திருந்த கூட்டத்தின் வீடியோவை யார் பகிர்வார்? நான் ஒரு முறை அப்படி ஒரு கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருக்கிறேன். பெரும்பாலும் சலிப்புதான். கால் வலி, யாரோ ஒருவர் மைக்கைச் சரிசெய்வது, போலீசாரும் கொட்டாவி விடுவது. அன்று நான் எடுத்த படங்களில் போட்டது ஒன்றே ஒன்று: தடுப்பின் அருகே தள்ளுமுள்ளு நடந்த அரை நிமிடம். ஹாலோரன் குழு என்னை எந்தப் பெட்டியில் போட்டிருக்கும் என்று கேட்க வேண்டாம்.

பிப்ரவரி 17

சிறு குறிப்பு. 2020 ஜூன் 2, ஃபிளாய்ட் மரணத்தை எதிர்த்த போராட்டத்துக்காக இன்ஸ்டாகிராமில் பலரும் கறுப்புச் சதுரம் போட்ட நாள். ஆதரவாகத்தான் போட்டார்கள். அதையே 'பிளாக் லைவ்ஸ் மேட்டர்' இயக்கத்தின் ஹேஷ்டேகோடு போட்டதால், எங்கே என்ன நடக்கிறது என்று களத்தில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்த பக்கம் கறுப்புச் சதுரங்களால் நிரம்பிவிட்டது. இதற்குக் கோட்பாடு தேடிப் போனேன், 'நல்ல மனசு' என்பதைத் தாண்டி ஒன்றும் அகப்படவில்லை.

பிப்ரவரி 19

இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். நான் படித்த கோட்பாட்டாளர் யாரும் சொல்லாத ஒன்று, ஏனென்றால் அவர்கள் எழுதிய மொழியில் அது இல்லை. வினைமுற்றின் மரியாதை விகுதி. -ஆன், -ஆர்.

சேர்த்து வைத்த பதிவுகளை இந்த ஒன்றுக்காக மட்டும் திரும்பப் படித்தேன். போலீசுக்கு ஆதரவான பதிவுகளில் அதிகாரி 'எச்சரித்தார்', 'பொறுமை காத்தார்'. கல் எறிந்தவன் 'எறிந்தான்', 'ஓடினான்', 'மாட்டினான்'. எதிர்ப்பான பதிவுகளில் அப்படியே தலைகீழ்: மாணவர் 'கேட்டார்', போலீஸ்காரன் 'அடிச்சான்'. 'காவல்துறை' என்று எழுதினால் வினை '-அது'வுக்குப் போய்விடும், ஆளே கரைந்து துறை மட்டும் மிஞ்சும். 'ஏவல்துறை' என்று நக்கலாக எழுதுபவர்களும் அந்த '-அது'வைத்தான் பயன்படுத்துகிறார்கள். கோபம் துறைமீது போகிறது, ஓங்கிய கைக்கு முகம் இல்லை.

ஒரு பதிவு யார் பக்கம் என்று தெரிய முழுக்கப் படிக்க வேண்டியதே இல்லை, கடைசி அசையைப் பார்த்தால் போதும் என்று நினைத்துக் கொஞ்சம் துள்ளினேன். பிறகு நடுநிலையாக எழுதியதாகச் சொல்லிக்கொண்ட பதிவுகளை எடுத்தேன். எந்தக் கருத்தும் சொல்லாத, 'நடந்தது இதுதான்' என்று மட்டும் எழுதியவை. அவற்றிலும் பெரும்பாலானவற்றில் சீருடைக்கு -ஆர், தடுப்பைத் தாண்டியவனுக்கு -ஆன்.

கேள்வி கேட்டவருக்கு என் பதில் இதுதான். நான் எடுத்த முடிவுக்கு இது பெயர் வைக்கவில்லை. நான் பார்க்காத ஒன்றைக் காட்டியது.

பிப்ரவரி 20

கேள்வி கேட்டவரே மறுபடி வந்திருக்கிறார். ஒரே வரி: '3ஆம் தேதி இரவு நீங்கள் எழுதியதைப் படியுங்கள்.'

படித்தேன். 'இரும்புத் தடுப்பை ஒரு பையன் தாண்டினான். காவலர் ஒருவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். பையன் குப்புற விழுந்தான். இன்னொரு காவலர் தடியை ஓங்கினார்.'

ஓங்கினார்!

பிப்ரவரி 22

இரண்டு நாளாக அந்த நான்கு வாக்கியங்களோடு மல்லுக்கட்டுகிறேன். முதலில் எனக்கு நானே சொன்ன சமாதானம், பையன் வயதில் சின்னவன், அதனால் -ஆன், இதில் அரசியல் எங்கே வந்தது? அப்புறம் யோசித்தால், வீடியோவில் முகமே தெரியவில்லை. பின்னந்தலையும் சட்டையும்தான். அவர் 30 வயதுக்காரராக இருக்கலாம். 'பையன்' என்று முடிவு செய்தது நான். அந்தச் சொல்லை எடுத்த உடனே வினை -ஆனுக்குப் போய்விட்டது, நான் நிறுத்தி யோசிக்க இடமே இல்லை.

மாற்றி எழுதிப் பார்த்தேன். 'இளைஞர் ஒருவர் தாண்டினார், காவலர் ஒருவர் இழுத்தார், இளைஞர் விழுந்தார், இன்னொரு காவலர் தடியை ஓங்கினார்.' கோயில் கும்பாபிஷேக அழைப்பிதழ் மாதிரி இருக்கிறது. இருவருக்கும் -ஆன் போட்டால் தெருச்சண்டை. 'தாண்டியவர்', 'இழுத்தவர்' என்று பெயர்களை எடுத்துவிட்டால் சீருடையும் சேர்ந்து மறைகிறது, அது இன்னும் மோசம்.

3ஆம் தேதிக் குறிப்பைத் திருத்தவில்லை, அப்படியே விட்டிருக்கிறேன். யாருக்காவது அந்த 14 விநாடியை எழுதத் தெரிந்தால் கீழே எழுதுங்கள். தடி இறங்கியதா என்பது எனக்கு இன்னும் தெரியாது, அதை மட்டும் சேர்க்காதீர்கள்.